இனிமே நான் கைடு வேலை பாக்கறதா இல்ல

பெர்லினுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. ஈஸ்ட் சைட் கேலரிக்கு, அதான் ஊரைக் கிழக்கு மேற்குன்னு பிரிச்ச பெர்லின் செவுரோட மிச்சத்துல ஓவியம் வரைஞ்சு வெச்சிருக்கற இடத்துக்கு, எத்தனை தடவை போயிருப்பேன்னு எனக்கே கணக்கு இல்ல. மே மாசம் பொறந்தா போதும், சொந்தக்காரங்க, சொந்தக்காரங்களோட கூட்டாளிங்க, ஆம்ஸ்டர்டாமுக்கு ஆபீஸ் வேலையா வந்தவங்க, எல்லாருக்கும் என் வீட்டு சோபாதான் லாட்ஜ். ரசம் வெச்சு சோறு போடறதுல எனக்கு ஒரு சலிப்பும் கிடையாது. ஊர் சுத்திக் காட்டறதுதான் இனிமே நம்மால ஆகாது. போன வாரத்தோட வயிறு எரிஞ்சுபோச்சு.

அத்தை பையனும் அவன் கூட்டாளிங்க மூணு பேரும் வந்தானுங்க. "நாங்க டார்க் டூரிசம் பண்றோம்க்கா, சாவு, கொடுமை நடந்த எடமா பாக்கறது, கூடவே ஸ்ட்ரீட் ஆர்ட்டும்." சரி, பரவால்லையே, விஷயம் தெரிஞ்ச பசங்க போலன்னு நெனச்சேன். ராத்திரியே போன்ல ஒரு படத்த நீட்டுறான். இங்க க்ரோய்ட்ஸ்பெர்க் ஏரியாவுல ப்ளூங்கிற ஓவியர் செவுத்துல வரைஞ்சது. தலையில்லாத ஆளு டையைச் சரி பண்றான், ரெண்டு கையிலயும் தங்க வாட்ச், ரெண்டையும் சேத்து ஒரு சங்கிலி. "நாளைக்கு மொதல்ல இதான்க்கா."

டேய், அதை 2014 டிசம்பர்லயே கறுப்படிச்சாச்சுடா. அடிச்சது கவர்மெண்ட் இல்ல. ஓவியரோட சம்மதத்தோட அவர் கூட்டாளிங்களே அடிச்சாங்க. பக்கத்து காலி மனையில கட்டடம் வரப்போகுது, ஜன்னலத் திறந்தா ஓவியம் தெரியும்னு அதையும் சேத்து வெல பேசுவானுங்கன்னு கோபம். ஒரே ராத்திரியில மொத்தச் செவுரும் கறுப்பு. எனக்கு அந்த ஓவியத்தவிட அந்தக் கறுப்புதான் பெருசாத் தெரியும். இவ்வளவும் சொல்லி முடிச்சா அவன் கேக்கறான்: "அய்யோ, வேஸ்ட். இதே மாதிரி வேற இருக்கா?"

மறுநாள் கேலரி. 1.3 கிலோமீட்டர் செவுரு, ஆனா கூட்டம் பூரா ஒரே இடத்துல. சோவியத் தலைவர் பிரஷ்னேவும் கிழக்கு ஜெர்மனி தலைவர் ஹோனெக்கரும் முத்தம் குடுத்துக்கிற படம். முன்னாடி ரேஷன் கடை மாதிரி வரிசை. ஜோடி ஜோடியா வந்து அதே மாதிரி உதட்டக் குவிச்சு ஒரு கிளிக். இவனுங்க நாலு பேரும் எட்டு போஸ் குடுத்தானுங்க. நான் நடுவுல கத்திக்கிட்டு இருக்கேன்: இது கிழக்குப் பக்கத்துச் செவுருடா, 1989 நவம்பர் வரைக்கும் இதுகிட்ட ஒருத்தனும் பிரஷ்ஷோட வந்திருக்க முடியாது, அதனாலதான் வெறுஞ்செவுரா கெடந்துது, 1990-ல 21 நாட்டுலேர்ந்து 118 பேர் வந்து வரைஞ்சாங்க. யாரு கேட்டா.

கொஞ்சம் தள்ளி ஒரு ஓவியத்தோட ஓரத்துல மார்க்கர்ல கிறுக்கல். வழக்கம்போல ஸ்பானிஷ், போலிஷ், என்னென்னமோ. அதுக்கு நடுவுல உருண்டையா நாலு எழுத்து. கிட்ட போய்ப் பாத்தேன். தமிழ். ஒரு பேரு, பக்கத்துல அம்பு விட்ட இதயம். நம்ம ஊரு கோட்டைச் செவுத்துல கரிக்கட்டையால கிறுக்கற அதே கை. நம்ம எழுத்த இங்க பாத்ததும் ஒரு நொடி சந்தோஷம் வந்துச்சு பாருங்க, அதுக்கு என்னையே அறைஞ்சுக்கலாம்.

"கிராஃபிட்டின்னாலே செவுத்துல கிறுக்கறதுதானேக்கா" அப்படின்னான் ஒருத்தன். 1984-ல தியரி நுவார்ங்கிற ஓவியர் இந்தச் செவுத்தோட மேற்குப் பக்கம் வரைய ஆரம்பிச்சப்போ, அவர் நின்ன தரையே கிழக்கு ஜெர்மனியோடது. செவுத்துக்கு இந்தப் பக்கமும் சில மீட்டர் அவங்க எல்லைதான். எந்த நேரமும் சிப்பாய் வந்து பிடிக்கலாம். அந்தப் பதட்டத்துல சரசரன்னு போட்டதுதான் அந்தப் பெரிய உதட்டு மண்டைங்க, ரெண்டே மூணு கலர்ல. உன்னை யாருடா பிடிக்கப் போறான்? மார்க்கர் தீந்துபோச்சேங்கிறதுதான் உனக்குக் கவல.

மதியம், கொல்லப்பட்ட யூதர்களுக்கான நினைவிடம். 2,711 கான்கிரீட் கட்டைங்க. அத்தை பையன் ஒண்ணு மேலேர்ந்து இன்னொண்ணுக்குத் தாவறான், கீழ ஒருத்தன் ரீல்ஸ் எடுக்கறான். வடிவமைச்ச ஐசன்மானே, இங்க குழந்தைங்க ஓடிப்பிடிச்சு விளையாடுவாங்கன்னு 2005-ல சொன்னவருதான். குழந்தைங்க. இவனுக்கு வயசு 29! அதே கட்டைங்களுக்குக் கீழ ஒரு அறை இருக்கு. கொல்லப்பட்டவங்க பேரையும், அவங்களப் பத்தி ரெண்டு வரியையும் இருட்டுல ஒவ்வொண்ணா வாசிக்கறாங்க. எல்லாரையும் வாசிச்சு முடிக்க ஆறு வருஷத்துக்கு மேல ஆகும். காசு கிடையாது. "வரிசை பெருசா இருக்கேக்கா" அப்படின்னுட்டானுங்க. முத்தப் படத்துக்கு நின்னப்போ வரிசை கண்ணுக்குத் தெரியல.

நானும் ஒண்ணும் ஒழுங்கு கிடையாது. வந்த புதுசுல அதே கட்ட மேல உக்காந்து எடுத்த போட்டோ ரெண்டு வருஷம் என் வாட்ஸப் டிபியா இருந்துச்சு. ஒரு ஜெர்மன் பாட்டி வந்து, திட்டல, "இறங்கும்மா" அப்படின்னு மட்டும் சொன்னாங்க. இன்னும் காதுல இருக்கு.

அந்தக் காலத்து எல்லைச் சாவடி, செக்பாயிண்ட் சார்லியப் பத்தி என்ன சொல்ல. நடுரோட்டுல நிக்கிற கூண்டே நகல். மூணு நிமிஷம் நடந்தா சிம்மர் தெருவுல ஒரு தூண். 1962 ஆகஸ்ட் 17, 18 வயசுப் பையன் பீட்டர் ஃபெக்டர் கிழக்குலேர்ந்து செவுரத் தாண்டப் போய் சுடப்பட்டு, ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட ரத்தம் கொட்டக் கொட்டக் கத்திக்கிட்டே கெடந்து செத்த இடம். ரெண்டு பக்கமும் ஆள் நின்னுச்சு, ஒருத்தரும் கிட்ட போகல. இவனுங்க நகல் கூண்டு முன்னாடி சல்யூட் அடிச்சிட்டு, "அடுத்து எங்கக்கா?"

பெர்னாவர் தெருன்னேன். "அங்க என்ன இருக்கு?" புல்லு இருக்கு. நடுவுல செவுரோட மிச்சம் இருக்கு. அந்தத் தெருவுல வீடு கிழக்கு, வாசல் நடைபாதை மேற்கு. வாசல அடைச்சதும் ஜனங்க ஜன்னல் வழியா குதிச்சாங்க. 1961 ஆகஸ்ட் 22, இடா சீக்மன்னு ஒரு அம்மா. மறுநாள் அவங்களுக்கு 59-வது பொறந்தநாள். மெத்தை, போர்வையெல்லாம் மொதல்ல கீழ தூக்கிப் போட்டுட்டு, மூணாவது மாடியிலேர்ந்து குதிச்சாங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள உயிர் போயிடுச்சு. செவுருகிட்ட மொத சாவு அதுதான்.

கொஞ்ச நேரம் நாலு பேரும் பேசல. அப்பாடா, ஏறிடுச்சுன்னு நெனச்சேன்.

"அங்க போட்டோ நல்லா வருமாக்கா?"

சனிக்கிழமை அடுத்த கோஷ்டி வருது. சின்ன மாமனாரோட சம்பந்தி குடும்பம், ஆறு டிக்கெட்டு. "அந்த முத்தச் செவுரு கண்டிப்பா பாக்கணும்மா"ன்னு நேத்தே மெசேஜ். தாராளமா பாருங்க. பஸ் நம்பர எழுதி ஃப்ரிட்ஜுல ஒட்டிட்டேன், வீட்டுச் சாவி மேசை மேல இருக்கும். நான் பெர்னாவர் தெருவுல புல்லுல உக்காந்திருப்பேன்.