வெளியே உட்காரச் சொன்னது நான்தான்

என் ஆபீசுக்குத் தாயைக் கூட்டி வந்த ஒரு மகன் என்னைப் பற்றிப் போட்ட பதிவை இதுவரை பதினேழு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். போதும். நானும் பார்த்துவிட்டேன். கீழே இருந்த கமெண்டுகளையும் ஒன்று விடாமல் படித்தேன், படித்தால் தூக்கம் போகும் என்று தெரிந்தும்.

"மிஸ்ஸா இருந்தப்ப நம்ம வீட்டுப் பிள்ளை. கறுப்புக் கோட்டு ஏறினதும் பெத்த மகனையே வெளியே போகச் சொல்றாங்க." மிஸ் என்பது தோட்டங்களில் சமூக சேவையில் இருந்த காலத்து நான், கறுப்புக் கோட்டு என்பது சட்டத்தரணியான பிறகு. இதுதானே குற்றச்சாட்டு? ஆமாம், சொன்னேன். வெளியே வாங்கில் போய் உட்காருங்கள் என்று அவரிடம் சொன்னது நான்தான். இருபது நிமிடம். நாளைக்கு இன்னொரு மகன் வந்தாலும் இதையேதான் சொல்வேன்.

அந்த அம்மா யார், என்ன பத்திரம், உள்ளே என்ன பேசினீர்கள் என்று இன்பொக்ஸில் கேட்பவர்களுக்குச் சொல்ல மாட்டேன். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு சட்டத்தரணியின் வாயைக் கட்டி வைத்திருக்கிறது. கட்டாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன் என்பது வேறு. இதில் எவ்வளவு வசதி பாருங்கள்: அவர் என்னைப் பற்றி எதை வேண்டுமானாலும் எழுதலாம், நான் அன்று நடந்ததில் ஒரு வரிகூட எழுத முடியாது. ஆகவே இனி எழுதப்போவது எல்லாம் பொதுவாக. பொதுவாகத்தான், இதற்குள் யாரையும் தேடாதீர்கள்.

விஷயம் சின்னது. ஒரு வயதானவர் என் ஆபீசுக்கு வந்தால் அவர்தான் என் கட்சிக்காரர். ஓட்டோவுக்குக் காசு கொடுத்தவர் இல்லை. என் ஃபீஸைக் கட்டுகிறவர் இல்லை. கையைப் பிடித்துப் படியேற்றியவரும் இல்லை. கைநாட்டு யாருடையதோ அவர். அவரோடு தனியாக நாலு வார்த்தை பேசாமல் அவர் முன்னால் எந்தக் காகிதத்தையும் வைக்க மாட்டேன்.

இது என் திமிர் என்று எழுதியிருக்கிறார்கள். எழுத வாசிக்கத் தெரியாத ஒருவர் உறுதி (சொத்துப் பத்திரம்) முடித்தால், இரண்டு சாட்சிகளுக்கு முன்னால் அதை வாசித்துக் காட்டி விளங்கப்படுத்த வேண்டும் என்று பத்திரம் எழுதுகிற நொத்தாரிசுகளுக்கென்று 1907இல் வந்த நொத்தாரிசு கட்டளைச் சட்டமே சொல்கிறது. வெள்ளைக்காரன் காலத்துத் திமிர். மகன் தோளுக்கு மேலே குனிந்து நின்று "வைம்மா, சும்மா வைம்மா, நேரமாகுது" என்று சொல்லிக்கொண்டிருந்தால் நான் எதை விளங்கப்படுத்துவது?

முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து கிள்ளிய பெருவிரலைக் கிட்டப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ரேகை என்று ஒன்று அதில் இருக்காது. நடுவில் ஒரு கறுத்த வெடிப்பு, எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத கறை. மைப்பெட்டியில் அழுத்திக் காகிதத்தில் வைத்தால் விழுவது ஒரு நீலத் திட்டு. தெளிவாக இல்லை, திரும்ப வைக்கச் சொல்வார்கள். மூன்றாவது தடவை பக்கத்தில் நிற்பவர் பொறுமை இழந்து, அந்த விரலைத் தானே பிடித்து அழுத்திவிடுவார். பதினொரு வருடம் சமூக சேவையில் இருந்தபோது எத்தனையோ மேசைகளுக்குப் பக்கத்தில் நின்று இதைப் பார்த்திருக்கிறேன். சில தடவை பிடித்து அழுத்தியது என் கை.

சரி, ஒன்றைச் சொல்லியே விடுகிறேன். "மிஸ்ஸாக இருந்தபோது தங்கம்" என்கிறார்களே, அந்தத் தங்கம் செய்த வேலை இது.

தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு தாத்தா. சீனி வருத்தத்தில் (நீரிழிவில்) ஒரு கால் எடுத்தாகிவிட்டது. மகன் கொழும்பில் கடையில், மருமகள் குவைத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டின் ஓர் அறையில்) இரண்டு சின்னப் பிள்ளைகளும் அவரும். முதியோர் இல்லத்தில் சேர்ப்பதுதான் சரி என்று மகன் சொன்னார், மகள் சொன்னார், வெல்ஃபெயார் ஆபீசர் சொன்னார், நானும் சொன்னேன். ஜி.எஸ். (கிராம சேவகர்) கடிதம், டொக்டர் கடிதம், உத்தேச வயதுச் சான்றிதழ் எல்லாவற்றையும் நாலே நாளில் முடித்தேன். எனக்கு அதில் பெருமை வேறு. வேனில் போகும்போது, கினிகத்தேனையைத் தாண்டியிருப்போம், தாத்தா என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: "மிஸ், கிளினிக்குக்குத்தானே போறோம்?"

அவரிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை. மகள் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்தேன், மிஸ் சொல்லியிருப்பார் என்று மகள் நினைத்திருக்கிறார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமா தாத்தா" என்றேன்.

அதனால்தான் சட்டம் படித்தேன் என்று சொன்னால் சினிமாக் கதைபோல இருக்கும். உண்மை அவ்வளவு அழகாக இல்லை. ப்ரொஜெக்ட் முடிந்தது, சம்பளமும் போதவில்லை. திறந்த பல்கலைக்கழகத்தில் படித்து, பிறகு சட்டக் கல்லூரி, இரவு பஸ்ஸில் கொழும்புக்கும் ஹட்டனுக்கும் அலைந்து, 39 வயதில் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் எடுத்தேன். ஆனால் படித்ததில் எனக்கு உறைத்தது ஒன்றுதான். சமூக சேவையில் குடும்பம் முழுவதும் என் ஆட்கள். எல்லோருக்கும் பேசி, எல்லோரையும் சமாதானப்படுத்தி, கடைசியில் யார் குறைவாகச் சத்தம் போடுகிறாரோ அவர் தலையில் முடிவை வைத்துவிட்டு வருவோம். பெரும்பாலும் அது கிழவர்தான். சட்டத்தரணிக்கு ஒருவர் மட்டும். அந்த ஒருவர் முட்டாள்தனமான முடிவு எடுத்தாலும் அது அவருடைய முடிவு. என் கட்சிக்காரர் அந்த அம்மா. மகன் இல்லை.

"அப்ப பெத்த பிள்ளைங்க எல்லாம் கள்ளனா?" என்று ஒருவர். இல்லை ஐயா. தாயை முதுகில் சுமந்து என் மாடிப்படி ஏறிய மகன் உண்டு. வெளியே இருங்கள் என்றதும் "அதுதான் மிஸ் சரி" என்று சொல்லிவிட்டு பிளேன்டீ குடிக்கப் போனார். நல்ல மகனுக்கு இருபது நிமிடத்தில் என்ன குறைந்துவிடும்?

"பிள்ளைமேல வழக்குப் போடச் சொல்லிக்கொடுக்கிறாள்" என்று இன்னொருவர். முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தை நான் எழுதவில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், பாராளுமன்றம் நிறைவேற்றியது. 60 வயது கடந்தவர், தன்னைப் பார்த்துக்கொள்ள வழியில்லாவிட்டால், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கேட்டு ஒரு சபைக்கு விண்ணப்பிக்கலாம். அப்படி ஒன்று இருப்பதே இங்கே பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும் போக மாட்டார்கள். என்னிடம் வந்து அழுதுவிட்டு, "மகன் பேரு மட்டும் எழுதிறாதீங்க மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போகிற அம்மாக்கள்தான் அதிகம். அவர்களுக்கு நான் வழக்குப் போடக் கற்றுக்கொடுக்கிறேனாம்.

"லயத்துச் சனங்ககிட்ட பிடுங்க என்ன இருக்கு?" என்று கேட்டவருக்கு ஒரு சின்னக் கணக்கு. நாட்கூலிக்கு வேலை செய்தவருக்குப் பணிக்கொடை வருடத்துக்கு 14 நாள் சம்பளம். நாளுக்கு 1350 ரூபா என்ற சம்பளத்தில் 32 வருடம் வேலை செய்து ஒருவர் ஓய்வுபெற்றால் 6 இலட்சத்து 4 ஆயிரத்து 800 ரூபா. சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த சேமலாப நிதி வேறு. அட்டையும் பாம்பும் இருந்த மலையில் ஒரு வாழ்நாள் முழுக்க நின்ற காசு அது. அது வங்கிக்கு வரும் வாரத்தில் எங்கிருந்தோ பாசம் பொங்கும். புதுச் சேலை வரும். அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் இன்னொருவர் செயல்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுத வேண்டும் என்று யாரோ ஒருவர் அவரைக் கூட்டிக்கொண்டு என் படியேறுவார். அவர் மகனாக இருக்கலாம், மருமகனாக இருக்கலாம், கோயில் தலைவராகக்கூட இருக்கலாம். நான் வெளியே உட்காருங்கள் என்பேன்.

என் அப்பாயிக்கு, அப்பாவின் அம்மாவுக்கு, அப்படிச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் என்று அடிக்கடி நினைப்பேன். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, எங்களைப் போன்ற இந்திய வம்சாவளி மக்களை 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே இலங்கையில் என்று பிரித்தார்கள். மிஞ்சிய ஒன்றரை இலட்சத்தை 1974இல் பாதி பாதியாகப் பங்கு போட்டார்கள். எங்கள் லயத்தில் படிவம் நிரப்பியது அப்பாயியின் கொழுந்தனார். அப்பாயியிடம் விரலை நீட்டச் சொன்னார்கள், நீட்டினார். தங்கச்சியின் படிவம் இந்தியாவுக்கு, தன்னுடையது இங்கே இருப்பதற்கு என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. ஹட்டன் ஸ்டேஷனில் ஒப்பாரிக் கோச்சி (இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றிய ரயில்) கிளம்பிய அன்று பார்த்ததோடு சரி, அந்தத் தங்கச்சியை அவர் திரும்பப் பார்க்கவே இல்லை. போயிருந்தால் நன்றாக இருந்திருப்பேன் என்று அப்பாயி ஒருநாளும் சொன்னதில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலையே" என்பார். எண்பது வயதிலும் அதையேதான் சொன்னார்.

மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் இது இன்னும் மோசம். 1996இலேயே சட்டம் வந்துவிட்டது. 2006இல் அவர்கள் போய்வரக்கூடியதாகக் கட்டடங்கள் இருக்க ஒழுங்குவிதி. 2011இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் போராடிய அஜித் பெரேரா போட்ட வழக்கில் உயர் நீதிமன்றமே கட்டளை கொடுத்தது. 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. சமவாயத்திலும் நாடு சேர்ந்தது. எல்லாம் சரி. போன மாதம் ஒரு அலுவலகத்துக்கு சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரோடு போனேன். 36 வயது, கணக்கு வழக்கில் என்னைவிடக் கெட்டிக்காரர். கவுண்டரில் இருந்தவர் அவருடைய அம்மாவைப் பார்த்து, "இவருக்குப் பேர் என்ன?" என்றார். இவர் தன் பெயரைச் சொன்னார். எழுதிக்கொண்டார். மறுபடியும் அம்மாவைப் பார்த்து, "வயசு?"

நான்கூடக் குரலை உயர்த்திவிட்டேன். அவர்தான் என் கையைத் தட்டி "விடுங்க மிஸ், பழகிருச்சு" என்றார்.

இதைச் சொன்னதும் வரப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். இவ்வளவு பேசுகிறவள் ஏன் மாடியில் ஆபீஸ் வைத்திருக்கிறாய்? நியாயம். கீழ்த்தளத்து வாடகை எனக்குக் கட்டாது. ஏற முடியாதவர்களுக்கு நான் ஃபைலோடு கீழே இறங்கி வந்து, ஓட்டோவுக்குள் உட்கார்ந்து பேசுகிறேன், டிரைவரைத் தூரப் போகச் சொல்லிவிட்டு. (ஆமாம், அவரையும்தான் வெளியே அனுப்புகிறேன். அவரும் ஒரு பதிவு போடட்டும்.) அது போதாது என்று எனக்கும் தெரியும்.

எனக்கு வலித்தது பதிவு இல்லை. அதற்கு லைக் போட்டவர்களில் மூன்று பேருக்குக் காலங்கடந்த பிறப்புப் பதிவு செய்துகொடுக்க நான் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) நடையாய் நடந்திருக்கிறேன். ஒருவருடைய தாயை ஆஸ்பத்திரியில் வைத்து இரண்டு இரவு பார்த்திருக்கிறேன். "காசுக்கு மாறிட்டா" என்று எழுதியது அவர்தான். தம்பி, உங்கள் அம்மா என்னிடம் அப்போது தனியாகச் சொன்னதை இன்றுவரை உங்களிடம்கூடச் சொன்னதில்லை. அப்போது எனக்குக் கோட்டும் கிடையாது, 126ஆம் பிரிவும் தெரியாது.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். அந்தப் பதிவில் ஒரே ஒரு வரி உண்மை. வாங்கின் ஒரு கால் ஆடுகிறது, தூவானம் வேறு அடித்தது என்று எழுதியிருக்கிறார். ஆடத்தான் செய்கிறது. பின்னேரம் ஆசாரியிடம் சொல்லிவிட்டேன், சனிக்கிழமை வந்து அடித்துத் தருவதாகச் சொன்னார். மேலே ஒரு தகரமும் போடச் சொல்லியிருக்கிறேன்.