56 மி.மீ. என்றால் எதிலிருந்து எதுவரை?

சொந்தமாக ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் செய்துவிடுவது என்று இறங்கினேன். மரத்தை அறுத்தேன், இழைத்தேன், நெக் என்ற கழுத்துப் பகுதி உட்காரும் பள்ளத்தை ரௌட்டர் மெஷினில் குடைந்தேன். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்புக்கான குழிகளைக் குடையும்போது கை நடுங்கியது, ஆனாலும் குடைந்தேன். இவ்வளவிலும் வராத அழுகை, உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் உலோகத் துண்டை வாங்கப் போனபோது வந்தது. ட்ரெமலோ பிரிட்ஜ்: பாடியில் கம்பிகளைத் தாங்கி நின்று, ஆர்ம் என்ற கைப்பிடியை ஆட்டினால் சேர்ந்து ஆடும் துண்டு.

அந்தப் பெயரே தப்பு, தெரியுமா? ட்ரெமலோ என்றால் சத்தம் கூடிக் குறைவது. சுருதி ஏறி இறங்கினால் அதற்குப் பெயர் வைப்ராட்டோ. பிரிட்ஜில் மாட்டியிருக்கும் ஆர்மை ஆட்டினால் மாறுவது சுருதிதான். இதே வேலைக்கு ஒரு கருவி செய்த பால் பிக்ஸ்பி, அதை ஒழுங்காக வைப்ராட்டோ என்றே அழைத்தார். 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற கிட்டாரைக் கொண்டுவந்த லியோ ஃபெண்டர்தான் தன் பிரிட்ஜுக்கு ட்ரெமலோ என்று பெயர் சூட்டி, காப்புரிமையிலும் அதையே எழுதிவைத்தார். சரி, வாய் தவறிவிட்டது என்று விட்டுவிடலாம். ஆனால் அதே நிறுவனம், ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதிக்கு வைப்ராட்டோ என்று பெயர் போட்டதே, அதை என்னவென்று சொல்ல? இரண்டு பெயர்ப்பலகைகளையும் மாற்றி மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். எழுபது வருடமாக நாமும் அப்படியே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். பெயரிலேயே இந்த லட்சணம் என்றால் அளவு மட்டும் ஒழுங்காகவா இருக்கும்?

அளவு. என் வயிற்றெரிச்சலே அதுதான்.

நான் வாங்கிய பிரிட்ஜின் விவரத்தில் "56 மி.மீ." என்று போட்டிருந்தது. அவ்வளவுதான். எதிலிருந்து எதுவரை 56 என்று ஒரு வார்த்தை கிடையாது. பழைய மாதிரி ஆறு திருகுப் பிரிட்ஜில் இந்த ஓரத் திருகுக்கும் அந்த ஓரத் திருகுக்கும் நடுவில் 2 7/32 அங்குலம், அதாவது 56 மி.மீ.யும் கொசுறும். அதே பிரிட்ஜில் முதல் கம்பிக்கும் ஆறாம் கம்பிக்கும் இடையிலும் அதே 56. புது மாதிரி பிரிட்ஜ், திருகுகளுக்குப் பதில் ஸ்டட் என்ற இரண்டு தடித்த முளைகளில் நிற்கும்; அந்த இரண்டு ஸ்டட் பிரிட்ஜில், இரண்டு ஸ்டட்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 56. ஆனால் அதன் மேல் போகும் கம்பிகள் 52.5-லேயே அடங்கிவிடும். ஒரே எண், மூன்று அர்த்தம், இரண்டு வேறு வேறு கிட்டார்!

அந்த 52.5-ஐயாவது ஒரே மாதிரி எழுதுவார்களா? மாட்டார்கள். ஒருவர் 52.5 என்பார். இன்னொருவர் கம்பிக்குக் கம்பி 10.5 என்பார். மூன்றாமவர் 2 1/16 அங்குலம் என்பார். மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று புரிய எனக்கு ஒரு கால்குலேட்டரும் ஒரு ராத்திரியும் ஆயிற்று. நடுவில் 10.8 என்று ஒன்று வரும். அதை ஐந்தால் பெருக்கினால் 54. ஆறு கம்பி இருக்கிறதே, ஏன் ஐந்தால் பெருக்க வேண்டும் என்று யோசித்து நான் முழித்தது தனிக் கதை. ஆறு விரல்களுக்கு நடுவில் இடைவெளி ஐந்துதானே என்று என் தங்கை சொன்னபிறகுதான் மண்டையில் ஏறியது. அவளுக்குக் கிட்டாரும் தெரியாது, ஆறு விரலும் கிடையாது.

படத்தில் இருந்தது இரண்டு ஸ்டட் பிரிட்ஜ். அதனால் 56 என்பது ஸ்டட் இடைவெளி என்று முடிவுகட்டினேன். கம்பிகள் 52.5-ல் வரும் என்று நம்பி, நெக்கின் அடிப்பக்கத்தை 54 மி.மீ. அகலத்துக்கு ஒல்லியாக இழைத்தேன். பாடியில் 56 மி.மீ. தள்ளி, ஸ்டட்டைத் தாங்கும் உலோகக் குழலான புஷ்ஷிங் இறங்குவதற்காக இரண்டு பெரிய துளைகளும் போட்டுவிட்டேன். பிரிட்ஜ் கைக்கு வருமுன் ஏன் துளைத்தாய் என்று கேட்பீர்கள். கேளுங்கள். கையில் ட்ரில் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை இருந்தது, புத்தி மட்டும் இல்லை.

பெட்டியைப் பிரித்தேன். உள்ளே ஆறு திருகுப் பிரிட்ஜ். "படம் மாதிரிக்காக மட்டுமே" என்று கடைசியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்களாம். அந்த ஆறு திருகுகளில் ஓரத்து இரண்டும் எங்கே வந்து விழுகின்றன தெரியுமா? நான் போட்டுவைத்த பெரிய துளைகளுக்கு நேராக. அங்கே திருகு பிடிக்க மரமே இல்லை, காற்றுதான் இருக்கிறது. சரி, நடுவில் இருக்கும் நாலு திருகில் தற்காலிகமாக நிறுத்திப் பார்ப்போம் என்று கம்பி கட்டினால், 56 மி.மீ. அகலத்தில் வரும் கம்பிகளுக்கு என் ஒல்லி நெக் போதவில்லை. நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில் கடைசி ஃப்ரெட் பக்கம் முதல் கம்பிக்கும் நெக்கின் ஓரத்துக்கும் நடுவில் 2 மி.மீ.கூட இல்லை. விரலால் கொஞ்சம் அசைத்தாலும் கம்பி ஓரத்தைத் தாண்டிக் கீழே நழுவுகிறது.

விற்றவரிடம் கேட்டேன். "சார், 56 என்று போட்டிருந்தோமே, அளந்து பாருங்கள், 56 இருக்கும்" என்றார். அளந்தேன். இருக்கிறது. இரண்டு இடத்தில் இருக்கிறது.

இதே தவறைச் சாதாரண அசையாத பிரிட்ஜில் செய்திருந்தால் இவ்வளவு புலம்பியிருக்க மாட்டேன். ஹார்ட்டெயில் பிரிட்ஜைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டால் துளையில் பல்குச்சியும் பசையும் அடைத்து, கொஞ்சம் தள்ளித் திருகிவிடலாம். ட்ரெமலோவுக்கு அப்படியா? பிரிட்ஜுக்குக் கீழே தொங்கும் பிளாக் ஆடுவதற்குப் பாடியின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஓர் ஓட்டை. பின்னால் ஸ்பிரிங்குகள் கிடப்பதற்கு நீளமாக ஒரு குழி. அந்தக் குழியின் கோடியில் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்ளும் க்ளாவுக்கு நெக் பக்கமாக இரண்டு நீளத் திருகு. ஒரு தடவை குடைந்தால் குடைந்ததுதான். நெக்கின் தலைமாட்டில் கம்பிகள் படியும் நட்டிலிருந்து 648 மி.மீ. என்று ஸ்கேல் நீளத்தைக் கணக்குப் போட்டு, பிரிட்ஜில் ஒல்லிக் கம்பியைத் தாங்கும் சிறு துண்டான சேடில் அந்தக் கோட்டில் நிற்க, தடிக் கம்பிகளின் சேடில் கொஞ்சம் பின்னால் நகர இடம் விட்டு, அதற்கேற்ப ஸ்டட்டோ திருகோ எங்கே என்று குறிக்க வேண்டும். அந்தத் தூரம் ஒவ்வொரு பிரிட்ஜுக்கும் வேறு. அப்படியென்றால் பிரிட்ஜை மேஜைமேல் வைத்து அளந்த பிறகுதான் மரத்தில் பென்சிலே வைக்க முடியும்.

இதை எந்தப் புண்ணியவானும் முதலில் சொல்வதில்லை. கிட்டார் செய்யக் கற்றுத்தரும் எதை எடுத்தாலும் மரத்தில்தான் தொடங்குகிறார்கள். ஆல்டர் மரத்தின் நாதம் எப்படி, ஆஷ் மரத்தின் ரேகை எப்படி, தட்டிப் பார்த்தால் எப்படிக் கணீரென்று கேட்க வேண்டும் என்று முக்கால் மணி நேரம் உருகுகிறார்கள். கடைசியில் "பிரிட்ஜ் உங்கள் விருப்பம்" என்று ஒரே வரி. என் விருப்பமா? நெக்கின் அகலம், பாடியின் கனம், நெக் பள்ளத்தின் ஆழம் எல்லாவற்றையும் முடிவுசெய்வது அந்தத் துண்டு. அதைப் போய்க் கல்யாணப் பந்தலில் கடைசியாகக் கட்டும் தோரணம் மாதிரி பேசுகிறார்கள்.

பாடியின் கனம் என்றதும் இன்னொரு எரிச்சல் நினைவுக்கு வருகிறது. வழக்கமாக 45 மி.மீ. வைப்பார்கள். இழைக்கும்போது ஓரிடத்தில் மரம் பிய்ந்து வந்துவிட்டதால் நான் சீவிச் சீவி 38-க்குக் கொண்டுவந்திருந்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. முழு நீள பிளாக் ஏறக்குறைய 42 மி.மீ. இருக்கும் என்பது எனக்கு எப்போது தெரிந்தது? அது என் கிட்டாரின் முதுகு வழியாக எட்டிப் பார்த்தபோது. ஒல்லி பாடிகளுக்கென்று குட்டை பிளாக் தனியாக வருகிறது. நான் வாங்கியதன் விவரத்தில் பிளாக்கின் உலோகம் என்ன, அது தரும் நாதம் எவ்வளவு தேன் என்று நாலு வரி இருந்தது. நீளம் மட்டும் இல்லை.

வேறு வகைக்கு மாறலாமே என்றால் அதற்கும் வழியில்லை. ஃபிளாய்ட் ரோஸ் என்ற பூட்டு வகைப் பிரிட்ஜைப் பார்த்தேன். 1970-களின் கடைசியில் வந்தது, ராக் கிட்டாரிஸ்ட் எடி வான் ஹேலன் கையில் அது செய்த ஜாலமெல்லாம் சத்தியம்தான். கம்பியை நட்டிலும் பூட்டி, பிரிட்ஜிலும் பூட்டி, நடுவில் சுருதி எங்கும் தப்பி ஓட முடியாமல் சிறை வைக்கும் ஏற்பாடு. ஆனால் ஸ்டட் இடைவெளி 74 மி.மீ., நட்டின் இடத்தில் பூட்டு உட்கார நெக்கையே வெட்ட வேண்டும், சேடில்களின் வளைவு ஏறக்குறைய 12 அங்குல ஆரத்துக்கு அமைந்தது. விரல் வைக்கும் என் ஃப்ரெட்போர்டின் வளைவோ 9.5. சன்னத் தகடு வைத்துச் சரிக்கட்டலாம் என்கிறார்கள். கம்பி மாற்ற ஆலன் கீயும், உருண்டை முனையை நறுக்க ஒரு கட்டிங் பிளேயரும் கூடவே வேண்டும். பிக்ஸ்பியின் வைப்ராட்டோவில் பாடியைக் குடையும் வேலை இல்லை, அது பெரிய நிம்மதி. ஆனால் அதோடு உயரமான பிரிட்ஜ் வந்தால் நெக் கொஞ்சம் பின்னால் சாய வேண்டும். நான் பள்ளத்தைச் சமமாகக் குடைந்து முடித்திருந்தேன். முடித்துவிட்டுத்தானே எல்லாம் தெரிகிறது.

எல்லாம் பொருந்தியே இருந்தாலும் இந்த ஜந்து சும்மா இருக்குமா? 0.010-லிருந்து 0.046 அங்குலம் வரை தடிமனுள்ள கம்பிகளை வழக்கமான சுருதிக்குக் கட்டினால் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 47 கிலோ இழுவை. அதைப் பின்னாலிருந்து மூன்றோ நாலோ ஸ்பிரிங் எதிர்த்து இழுக்கின்றன. பிரிட்ஜ் நடுவில் மிதக்கிறது. ஆறாம் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்த்தால் இழுவை கூடி, பிரிட்ஜ் முன்னால் சாய்ந்து, மற்ற ஐந்தும் இறங்கிவிடும். அந்த ஐந்தையும் ஏற்றினால் ஆறாவது இறங்கிவிடும். ஒரு கம்பியை விரலால் இழுத்து வளைத்தால் பக்கத்துக் கம்பி தானாகத் தாழும். ஒன்று அறுந்துவிட்டால் மீதி ஐந்தும் ஏறிக்கொண்டு அபஸ்வரம் பாடும். கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் முகம் சுளித்தால் வீடே மூஞ்சியைத் தூக்கிக்கொள்ளும் கதைதான்.

வீணையில் பிரிட்ஜுக்குக் குதிரை என்று பெயர். குதிரை குணமறிந்துதான் தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை என்பார்கள். இவர்கள் கொடுத்திருக்கிறார்கள். ஆர்ம் என்று பெயர்.

அறிவுரை சொல்ல வருகிறவர்கள் தனி ரகம். "பேசாமல் ஹார்ட்டெயில் போட்டிருக்கலாமே" என்கிறார்கள். போட்டிருக்கலாம்தான். கல்யாணமே பண்ணாமல் இருந்திருந்தால் மாமியார் சண்டை இருந்திருக்காது என்பது போன்ற யோசனை அது. "சுருதி நிற்காததற்கு பிரிட்ஜ் காரணமில்லை, நட்டைப் பார், கம்பி அதன் பள்ளத்தில் சிக்குகிறது" என்று ஒருவர் சொன்னார். பார்த்தேன். பென்சில் கரியை அந்தப் பள்ளத்தில் தேய்த்தபின் ஆர்மை அழுத்தி விட்டால் கம்பி முன்பைவிட ஒழுங்காகத் திரும்புகிறது. அவர் சொன்னது சரி. அதனால் அவர்மேல் கோபம் கொஞ்சம் கூடுதல்.

இப்போது அந்தப் பாடி சுவரில் சாய்ந்து நிற்கிறது. பெரிய துளைகள் இரண்டிலும் மர முளை அடித்துப் பசை காய்கிறது. முதுகில் எட்டிப் பார்த்த பிளாக்குக்குப் பதில் குட்டை பிளாக் வாங்கியாயிற்று. ஒல்லி நெக் மட்டும் இந்தப் பாடிக்கு ஒத்துவராது, இதற்குப் புதிதாக ஒன்று செய்ய வேண்டும். அந்த ஒல்லி நெக்குக்கு வேறொரு பாடியும் இரண்டு ஸ்டட் பிரிட்ஜும் என்று முடிவு. இந்த முறை பிரிட்ஜ் முதலில் வந்துவிட்டது. வெர்னியரை வைத்து எல்லாப் பக்கமும் அளந்து தாளில் வரைந்திருக்கிறேன்: ஸ்டட் 56, கம்பி 54, பிளாக் 36. மரம் இன்னும் பலகையாகவே கிடக்கிறது, கை வைக்கவில்லை.

பெட்டியில் ஆர்ம் மட்டும் இல்லை. தனியாகத்தான் வாங்க வேண்டுமாம். 5 மி.மீ. மரை, 6 மி.மீ. மரை, 10-32 என்ற அமெரிக்க மரை என்று மூன்று விதம் இருக்கிறது. 5 மி.மீ. ஆர்ம் 10-32 துளையில் இரண்டு சுற்று ஏறிவிட்டு இறுகிக்கொள்ளும், அதற்கு மேல் முறுக்கினால் மரை போச்சு. இந்த பிரிட்ஜுக்கு எது என்று விவரத்தில் தேடினேன்.

"ஸ்டாண்டர்டு சைஸ்" என்று போட்டிருக்கிறது.