பட்டை ஒன்றானால் பொருளும் ஒன்றா?

சிற்றலை ரேடியோ கட்ட, பத்து மைக்ரோஹென்றி இண்டக்டர் (சின்னக் கம்பிச்சுருள்) கேட்டால் பத்து ஓம் ரெசிஸ்டரை (மின்தடை) அள்ளிக் கொடுக்கிறார்கள். மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் கிடைக்காது என்றுதானே பஸ் ஏறி ஈப்போ கடைக்குப் போகிறோம்?

"இண்டக்டர், ரெசிஸ்டர் இல்லை" என்று வாயால் சொன்னேன், தாளில் எழுதியும் நீட்டினேன். கல்லாவில் இருந்த தம்பி தாளைத் தொடக்கூட இல்லை. டப்பாவைத் திறந்து பழுப்பு, கறுப்பு, கறுப்பு என்று அளவைச் சொல்லும் நிறப்பட்டையைக் காட்டி, "இதுதாண்ணே" என்றார். அட, இரண்டுக்கும் அதே பட்டைதானப்பா! அதனால்தானே ஓம் அளக்கும் மீட்டரை வைத்துப் பார் என்கிறேன்! இந்த அளவு இண்டக்டர் ஓரிரு ஓமுக்கு மேல் காட்டாது. கடைசியில் வைத்தார். பத்து ஓம். "பாருங்க, பத்து வருது, சரியாதானே இருக்கு?" பத்து வருவதுதான் தப்பு என்று நான் கத்த, உள்ளேயிருந்து முதலாளி எழுந்து வந்தார். "ரேடியோன்னா செம்புக் கம்பியில காயில் சுத்தணும்ண்ணே, கடையில வாங்குற இண்டக்டரெல்லாம் வேலைக்கு ஆகாது."

ஏன் ஆகாது? பத்து மைக்ரோஹென்றியோடு 100 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர் (மின்தேக்கி) சேர்த்தால் ரேடியோ பிடிக்கும் அலைவரிசை 5 மெகாஹெர்ட்ஸ். 47 பிக்கோஃபாரட் என்றால் 7.3, அதாவது சிற்றலை வானொலிகளின் 41 மீட்டர் பேண்டு. திருகி அளவை மாற்றும் ஒரு சின்ன டியூனிங் கெப்பாசிட்டர் போதும், சிற்றலையில் ஒரு நல்ல பகுதியைத் துழாவிவிடலாம். கடையில் வாங்கும் இண்டக்டரில் இழப்பு அதிகம், சரி. அதை ஈடுகட்டத்தான் அமெரிக்கப் பொறியாளர் ஆர்ம்ஸ்ட்ராங் 1914-இலேயே ரீஜெனரேஷனுக்கு, அதாவது பெருக்கிய சிக்னலில் கொஞ்சத்தைத் திருப்பி ஊட்டும் முறைக்கு, காப்புரிமை வாங்கிவிட்டாரே! அதையே கோல்பிட்ஸ் என்னும் சுற்று முறையில் கட்டினால் காயிலின் நடுவே டேப் (இடை இணைப்பு) எடுக்கும் தொல்லையும் கிடையாது, இரண்டு கெப்பாசிட்டர்களே அந்த வேலையைச் செய்துவிடும்.

கம்பி சுற்று என்பவர்கள் கம்பியை எங்கே வாங்குவது என்றும் சொல்லட்டும். எங்கள் ஊரில் கேட்டால் எஸ்டேட் பம்பு மோட்டாருக்குச் சுற்றும் தடித்த கம்பியைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். தோட்டத்துப் பையன் ஒருவன் ஆசையாக ரேடியோ கட்ட வந்தால், முப்பது சுற்று, பதினெட்டில் டேப் என்று படித்ததுமே ஓடிவிடுகிறான். கடையில் சரியான பொருளைக் கொடுத்தால் அவனும் ஒரே மாலையில் கட்டிவிடுவான்.

இதில் திரும்பி வரும் பஸ் வேறு! சுவரில் ஒட்டிய நேரத்துக்கும் வண்டி வரும் நேரத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கிழவிகள் பையும் கையுமாக வெயிலில் நிற்கிறார்கள், உட்கார ஒரு பெஞ்சு போட்டால் என்ன குறைந்துவிடும்?