மொத ரெண்டு வருஷம் ஊத்திக்கிச்சுன்னா டாக்டர் ஆசைய விட்டுடணுமா?

நேத்து ராத்திரி ஒரு பொண்ணு இன்பாக்ஸ்ல வந்து, அக்கா காலேஜ் மொத ரெண்டு வருஷம் என் ஜிபிஏ (4க்குக் கணக்கு போடற சராசரி கிரேடு) 2.4 தான், மூணாவது வருஷம் பரவால்ல, வர்ற ஜூன்லயே மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை பண்ணிடவான்னு கேட்டுச்சு. அமெரிக்காவுல படிக்கிற நம்ம பிள்ளைங்க நெறைய பேர் இதே கேள்வியோட தூங்காம கெடக்கறாங்க, அதான் எல்லாருக்குமா எழுதறேன்.

பண்ணாதம்மா. இந்த வருஷம் வேண்டாம்.

கணக்கு போட்டுப் பாரு. மொத ரெண்டு வருஷத்து 60 கிரெடிட் (கோர்ஸ் அளவு) 2.4ல முடிஞ்சு போச்சு. மிச்ச 60லயும் உயிரக் குடுத்துப் படிச்சு 3.8 எடுத்தாலும் டிகிரி முடியறப்ப கையில நிக்கிறது 3.1. அப்புறம் போஸ்ட்-பேக்ல, அதாவது டிகிரிக்கு அப்புறம் எடுக்கற கோர்ஸ்கள்ல, 30 கிரெடிட், அத்தனையும் ஏ (4.0) வாங்கினா 3.28. எம்டி ஸ்கூல்ல (இங்க டாக்டர் டிகிரியே எம்டிதான்) எடம் கெடைக்கறவங்களோட சராசரி 3.7க்கு மேல, நுழைவுத் தேர்வான எம்கேட்ல 512 பக்கம். வயித்தக் கலக்கத்தான் செய்யும். ஆனா ஆம்காஸ்ங்கற எம்டி ஸ்கூல்களுக்கான பொது அப்ளிகேஷன்ல அந்த ஒத்த நம்பர் மட்டும் போறதில்ல, வருஷவாரியா பிரிச்சுப் போகும், பயாலஜி கெமிஸ்ட்ரி பிசிக்ஸ் மேத்ஸுக்குத் தனியாவும் போகும். 2.2, 2.6, 3.7, 3.9, 4.0ன்னு ஏறிட்டே வந்தா பாக்கறவங்க கண்ணுல அது படும். அந்தக் கடைசி ரெண்டு மூணு நம்பர் வர்றதுக்கு முன்னாடியே அவசரப்பட்டு அனுப்பாதன்னுதான் தலபாடா அடிச்சுக்கறேன்.

ஃபெயிலான கோர்ஸ திரும்ப எடுத்தா பழைய கிரேடு அழிஞ்சிடும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, ஆம்காஸ்ல ரெண்டுமே கணக்குல சேரும். டிஓ ஸ்கூல் (டாக்டராக இன்னொரு வழி, ஆஸ்டியோபதி டிகிரி) அப்ளிகேஷன்ல முன்ன கடைசியா எடுத்த கிரேட மட்டும் எடுத்துக்கிட்டு இருந்தாங்க, 2017ல அதுவும் போயிடுச்சு. டெக்சஸ்காரங்களுக்கு மட்டும் ஒரு வழி இருக்கு, 10 வருஷமோ அதுக்கு மேலயோ ஆன கோர்ஸையெல்லாம் ஒதுக்கச் சொல்லிக் கேக்கலாம், ஆனா அதுல வாங்கின நல்ல கிரேடும் சேந்தே போயிடும்.

என் நம்பரும் கிட்டத்தட்ட இதேதான். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி மொத டெஸ்ட்ல 100க்கு 38. டெஸ்ட்டுக்கு முந்தின ராத்திரி ரியாக்ஷன் எல்லாத்தையும் மனப்பாடம் பண்றதுதான் எனக்குத் தெரிஞ்ச படிப்பு, ஸ்கூல் முழுக்க அதுலயே ஓட்டிட்டேன். ரெண்டாவது டெஸ்ட்டும் போனப்பறம்தான் பயந்துக்கிட்டே புரொபசர் ரூமுக்குப் போனேன். அவர் திட்டல, போர்டுல ஒரு மாலிக்யூல வரைஞ்சு, எலக்ட்ரான் எங்கேருந்து எங்க போகுதுன்னு அம்புக்குறி போடும்மான்னு சாக்பீஸக் கையில குடுத்தார். கடைசில என்ன வரும்னு எனக்கு மனப்பாடம், மொத அம்ப எங்க ஆரம்பிக்கணும்னுதான் தெரியல. சாக்பீஸ் வேர்வைல விரலோட ஒட்டிக்கிச்சு, நான் அப்படியே நிக்கறேன், அவரும் ஒரு வார்த்த பேசாம உக்காந்திருக்கார். படிக்கிற விதமே தப்புன்னு அன்னிக்குத்தான் வெளங்குச்சு. அந்த செமஸ்டர் சி மைனஸ்தான் வந்துச்சு. மார்க் ஏற ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு.

அவ்ளோ பட்டும் புத்தி வரல, டிகிரி முடிஞ்ச கையோட 3.1 வெச்சுக்கிட்டு செப்டம்பர்ல அப்ளை பண்ணேன். இங்க அப்ளிகேஷன் வர வர எடத்த ரொப்பிட்டே போவாங்க, ஜூன்லயே அனுப்பினவங்க முன்னாடி நிப்பாங்க. ஒரு இன்டர்வியூ கூட வரல. போன காசு போகட்டும், அடுத்த தடவ அப்ளை பண்றப்ப நெறைய ஸ்கூல்ல போன தடவைக்கு அப்புறம் என்ன மாறியிருக்குன்னு கேப்பாங்க, அதுக்கு சொல்ல ஏதாச்சும் இருக்கணும்ல. எம்கேட்டும் அப்படித்தான், ஒரு தடவ எழுதிப் பாப்போம்னு போகாதீங்க, வாழ்நாளுக்கே 7 தடவதான், எல்லா ஸ்கோரும் அவங்க கண்ணுக்குத் தெரியும்.

ஏன் டாக்டராகணும்னு நாமளே எழுதற பர்சனல் ஸ்டேட்மென்ட்டுக்கு 5300 எழுத்துதான் எடம். மொத தடவ அதுல பாதிய வீட்டுக் கஷ்டம் உடம்பு சரியில்லன்னு சமாதானம் சொல்லியே தீத்துட்டேன். எல்லாம் உண்மைதான், ஆனா படிக்கறவங்களுக்கு நான் ஏன் டாக்டராகணும்னு தெரியவே இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சு எழுதினப்ப அதெல்லாம் ரெண்டே வரி. நடுவுல போஸ்ட்-பேக், ஒரு கிளினிக்ல ஸ்கிரைப் (டாக்டருக்குக் குறிப்பு எழுதித் தர்ற) வேல, ஒழுங்கா ஒரு எம்கேட்.

இன்டர்வியூல ஆர்கானிக்ல என்னாச்சுன்னு நேராவே கேட்டாங்க. சாக்பீஸ் கதையச் சொன்னேன், அப்புறம் பயோகெமிஸ்ட்ரிய எப்படிப் படிச்சேன்னும் சொன்னேன். தலையாட்டிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க. மூணு வருஷமா எத நெனச்சு நடுங்கினேனோ அது ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சது.

தங்கம், உன் டிரான்ஸ்கிரிப்ட (காலேஜ் கிரேடு பட்டியல) வருஷவாரியா எழுதி அனுப்பு, உக்காந்து கணக்கு போடுவோம். வேற யாருக்கும் வேணும்னாலும் கேளுங்க, லேட்டானாலும் பதில் போடறேன்.