60 படிவங்களில் ஒரே மாதிரி ஒரு கோடு

போன வாரம் ஒரு மாணவர் தன் தீசிஸ் படிவங்களை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். முழங்கால் வலிக்கு அக்குபஞ்சர். 60 நோயாளிகள், 60 படிவங்கள். "வேறு மருந்துகள்" என்ற கட்டத்தில் அறுபதிலும் ஒரே மாதிரி சின்னதாக ஒரு கோடு.

"ஒருத்தர்கூட வலி மாத்திரை போடலையா?"

"யாரும் எதுவும் சொல்லல மேடம்."

"நீங்க கேட்டீங்களா?"

பதில் இல்லை. சரி, பத்துப் பேருக்குப் போன் செய்து பாருங்கள் என்றேன். பாதிக்கு மேல் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர், "ஊசி போடுறவங்ககிட்ட அதைச் சொன்னா தப்பா நினைச்சுப்பாங்கன்னு விட்டுட்டேன்" என்றாராம்.

எனக்கு அந்த மாணவர்மேல் கோபமே வரவில்லை. அந்தக் கட்டம் எதற்காக இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. 2000ஆம் ஆண்டில், இதய மாற்று அறுவை செய்துகொண்ட இரண்டு பேரின் உடல் புது இதயத்தை நிராகரிக்கத் தொடங்கிய சம்பவம் மருத்துவ இதழில் வந்தது. இருவரும் மனச்சோர்வுக்காக செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையை எடுத்துவந்தவர்கள். அந்த மூலிகை, அவர்கள் எடுத்துவந்த சைக்ளோஸ்போரின் என்ற மருந்தை உடல் வேகமாகச் சிதைத்து வெளியேற்றும்படி செய்துவிடுகிறது. நிராகரிப்பைத் தடுக்கவேண்டிய மருந்தின் அளவு ரத்தத்தில் குறைந்துபோகிறது. நவீன மருத்துவத்தோடு அக்குபஞ்சர், மூலிகை போன்றவற்றையும் சேர்த்துப் பார்க்கும் ஒருங்கிணைந்த மருத்துவத்தில் ஆய்வு செய்ய வருகிறவருக்கு நான் முதல் நாளே சொல்ல விரும்புவது இதைத்தான். இரண்டு வைத்தியமும் ஒரே உடம்புக்குள்தான் போகின்றன. அதைக் கேட்டு எழுதவேண்டியது நம் வேலை.

நம் பயிற்சி எங்கே தொடங்குகிறது? பெரும்பாலும் மென்பொருளில். பி-வேல்யூ (வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்க உதவும் எண்) எப்படி எடுப்பது, கட்டுரையை எப்படி எழுதுவது. அதெல்லாம் அப்புறம். முதல் மூன்று மாதம் சிகிச்சை அறையின் மூலையில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைக்க வேண்டும். சிகிச்சையாளர் எவ்வளவு நேரம் பேசுகிறார், எங்கே தொடுகிறார், நோயாளி எந்த இடத்தில் நிம்மதியாக மூச்சு விடுகிறார் என்று பார்க்கவேண்டும். 2008இல் எரிச்சல் குடல் நோய் உள்ள 262 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு இருக்கிறது. காத்திருப்போர் பட்டியலில் மட்டும் இருந்தவர்களில் 28 சதவீதம் பேர் போதுமான நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னார்கள். அதிகம் பேசாமல் போலி அக்குபஞ்சர் மட்டும் பெற்றவர்களில் 44 சதவீதம். அதே போலி ஊசியோடு அன்பாக, நேரமெடுத்துப் பேசிய சிகிச்சையாளரிடம் போனவர்களில் 62 சதவீதம். மூன்று குழுவிலும் உண்மையான அக்குபஞ்சர் கிடையாது! அறையில் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் எதை எதோடு ஒப்பிடவேண்டும் என்ற கேள்வியே தோன்றும். ஒப்பிடுவதற்காக வைத்த குழுவைப் பற்றி, "கண்ட்ரோல் குழுவுக்கு ஒன்றும் தரவில்லை" என்று எழுதிவிட்டு வந்தால், வேலை செய்தது ஊசியா பேச்சா என்று கடைசிவரை தெரியாது.

எனக்கு ஆற்றாமையாக இருக்கும் விஷயம் இன்னொன்று. என் முதல் ஆய்வில் சிகிச்சைக் குழுவுக்கும் கண்ட்ரோலுக்கும் வித்தியாசமே வரவில்லை. என் கைடு ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, "தூக்கம், பசி, மனநிலைன்னு வேற ஏதாவது அவுட்கம் ஓட்டிப் பார், எதிலாவது வரும்" என்றார். நான் மறுத்தேன். அந்த ஆய்வு அச்சேறவே இல்லை. அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் பத்து அளவீடுகளை ஓட்டினால் ஒன்றாவது தற்செயலாகவே தேறிவிடக்கூடும். எதை அளக்கப்போகிறோம் என்று ஆய்வு தொடங்குமுன்பே பொதுப் பதிவேட்டில் எழுதிவைக்கச் சொல்வது இதற்காகத்தான். அதைச் சடங்குபோல நிரப்பக் கற்றுக்கொடுத்தால் என்ன பயன்?

மூலிகையிலிருந்து மலேரியா மருந்தைக் கண்டுபிடித்த சீன விஞ்ஞானி தூ யூயூவின் 2015 நோபல் பரிசை இந்தத் துறையில் பேசாதவர்கள் இல்லை. ஆனால் பழைய நூலில் இருந்தது, எடுத்தார், ஜெயித்தார் என்று கதையைச் சுருக்கிவிடுகிறோம். அந்த மூலிகைச் சாறு முதலில் நன்றாக வேலை செய்வதுபோலத் தெரிந்தது, திரும்பச் செய்தபோது கைவிட்டது. மறுபடி பழைய நூலுக்குப் போனார். தழையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது, காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, குறைந்த வெப்பத்தில் ஈதர் கொண்டு பிரித்தார். 1971 அக்டோபரில் எலிகளிடம் முழுமையாக வேலை செய்த அந்த மாதிரியின் எண் 191. அந்த எண்ணைத்தான் நான் மாணவர்களுக்குச் சொல்கிறேன்.

அதனால் ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு கைடு வேண்டும் என்பேன். ஒருவர் அந்த வைத்தியத்தைச் செய்கிறவர், இன்னொருவர் அதை நம்பாதவர். இருவரும் புரோட்டோகால், அதாவது ஆய்வுத் திட்டம், எழுதும் நாளிலேயே ஒரே மேஜையில் உட்காரவேண்டும். டேட்டா எல்லாம் சேர்ந்தபிறகு புள்ளியியல்காரரைத் தேடி ஓடுவதில் பிரயோஜனமில்லை.

அந்த மாணவர் இப்போது அறுபது பேரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். பழைய கோடுகளை அழிக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் வேறு நிற மையில் "பின்னர் கேட்டது" என்று தேதியோடு எழுதுகிறார். நேற்று மாலை வரை 41 முடிந்திருந்தது.