டீக்கடை வைத்தவன் பிழைக்கத் தெரியாதவனா?

நம் திருப்பூரில் ஒரு பிராண்ட் டீக்கடையின் திறப்பு விழாவில் எடுத்த வீடியோவை எனக்கு இதுவரை ஒன்பது பேர் அனுப்பிவிட்டீர்கள். முழுதாகப் பார்த்துவிட்டேன், போதும். "கைலியைக் கட்டிக்கிட்டு பாய்லர் முன்னாடி நின்னு சாகிற காலம் முடிஞ்சது, படிச்ச பசங்க டீக்கடை வைக்காதீங்க, பிராண்ட் எடுங்க" என்று அந்தச் சிறப்பு விருந்தினர் பேசியதற்கு ஊரே கைதட்டுகிறது. கீழே "சூப்பர் சார்" என்று எழுதியவர்களில் பாதிப் பேர் எங்கள் கடையில் கடன் சொல்லி டீ குடித்தவர்கள். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

என் அப்பா பி.என். ரோட்டுக்கு உள்ளே ஒரு சந்தில் 31 வருடமாகக் கைலி கட்டிக்கொண்டு பாய்லர் முன்னால்தான் நிற்கிறார். அந்தக் கடை வருமானத்தில்தான் நான் எம்.காம். முடித்தேன். தம்பி டிப்ளமோ முடித்தான்.

ஒரு விஷயத்தை நேராகச் சொல்கிறேன். ஃபிரான்சைஸ், அதாவது ஒரு கம்பெனியின் பெயரில் கடை நடத்தும் உரிமை, எடுத்தால் நீங்கள் முதலாளி இல்லை. பணம் போடுவது நீங்கள். வாடகையும் கரண்ட் பில்லும் உங்களுடையது. மாஸ்டர் லீவு போட்டால் நிற்பதும் நீங்கள்தான். ஆனால் எந்தத் தூள், என்ன விலை, சுவருக்கு என்ன பெயின்ட் என்று எல்லாவற்றையும் அவர்கள் முடிவு செய்வார்கள். இதைப் போய் சொந்தத் தொழில் என்று சொல்லிப் பசங்களைக் கூப்பிடாதீர்கள்.

என் தம்பி கதை இங்கே பலருக்குத் தெரியும். கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். 2024 தொடக்கத்தில் எடுத்தான். உரிமைக் கட்டணம், முன்பணம், இன்டீரியர் எல்லாம் சேர்த்து ஒன்பதரை லட்சம். அதில் என் பதினொரு பவுனும் அடக்கம். நான்தான் கழற்றிக் கொடுத்தேன், அவன் கேட்கவில்லை. அதனால் அந்த முடிவில் எனக்கும் பங்கு உண்டு.

ராயல்டி 6 சதவீதம் என்றார்கள். ஆறுதானே என்று நாங்களும் நினைத்தோம். அது லாபத்தில் ஆறு இல்லை, விற்பனையில் ஆறு. நாளைக்கு 7,000 ரூபாய் விற்றால் மாதம் 2,10,000. அதில் 12,600 அவர்களுக்கு. அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., 2,268. நமக்கு அந்த மாதம் நஷ்டமாக இருந்தாலும் இது போய்விடும். அப்புறம் தூள். குன்னூர் டஸ்ட் கிலோ 340 ரூபாய்க்கு அப்பா வாங்கிக்கொண்டிருந்த அதே சமயத்தில், தம்பி அவர்களிடம் 610 கொடுத்து வாங்கினான். வெளியே வாங்கினால் ஒப்பந்தம் ரத்து.

அந்தத் தூளாவது நன்றாக இருந்ததா? அவர்கள் ஊர்த் தண்ணீருக்கு நன்றாக இருந்திருக்கும். நம் ஊரில் போர் தண்ணீர் உப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். உப்புத் தண்ணீரில் டிக்காஷன் இறக்கினால் மேலே ஏடு மாதிரி ஒன்று மிதக்கும், நிறம் செத்துவிடும். அப்பா அதனால்தான் குழாயில் நல்ல தண்ணி வருகிற அன்றே டிரம்மில் பிடித்துவைத்து, டீக்கு அதை மட்டும் எடுப்பார். தூளும் ஒரே தூள் இல்லை. நிறத்துக்கு ஒன்று, திடத்துக்கு ஒன்று, இரண்டையும் கலந்து வடிதுணியில் போட்டு, வெந்நீரை ஒரே ஊற்றாக ஊற்றாமல் விட்டு விட்டு ஊற்றுவார். மழைக்காலத்தில் கலவை மாறும். தம்பிக்குக் கொடுத்த கையேட்டில் எத்தனை கிராம், எத்தனை நிமிடம் என்று இருந்தது. தண்ணீரைப் பற்றி ஒரு வரி இல்லை.

கடை திறந்த முதல் வாரம் அப்பா போனார். மகன் கடை, வாய்க்கு ஒரு சொட்டு டிக்காஷன் விட்டுப் பார்க்கலாம் என்று கவுண்டருக்குள் நுழைந்தார். அன்று ஆய்வுக்கு வந்திருந்த பையனுக்கு வயது இருபத்தைந்துகூட இருக்காது. "அய்யா, யூனிஃபார்ம் இல்லாம உள்ள வரக்கூடாது, வெளிய நில்லுங்க" என்றான். அப்பா வெளியே வந்து, வாசலில் நின்று, காசு கொடுத்து டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். தம்பி அன்று இரவு சாப்பிடவில்லை.

"உன் தம்பிக்கு நடத்தத் தெரியல, அதுக்கு ஃபிரான்சைஸ் என்ன பண்ணும்" என்று போன முறை ஒருவர் எழுதியிருந்தார். அண்ணா, 2025 ஆகஸ்டில் நம் நாட்டுச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் இங்கே பனியன் கம்பெனிகளில் என்ன நடந்தது என்று உங்களுக்கும் தெரியும். ஆர்டர் நின்றது, நைட் ஷிப்ட் போனது, வெளிமாநிலப் பசங்க ரயில் ஏறினார்கள். அப்பா என்ன செய்தார்? பாலைக் குறைத்தார், மதியம் கடையைச் சாத்தினார், பற்று நோட்டில் சனிக்கிழமை சம்பளத்துக்குக் கணக்குத் தீர்க்காதவர்களை அடுத்த வாரம் வரை விட்டார். கடை தாக்குப்பிடித்தது. தம்பியால் நேரத்தையும் மாற்ற முடியாது, விலையையும் இறக்க முடியாது. மாதம் குறைந்தது இவ்வளவு கிலோ தூள் எடுத்தே ஆக வேண்டும். நவம்பரில் மூடினான். நடத்தத் தெரியாதவனா அவன்? அவனை நடத்த விட்டார்களா?

சுத்தம் பற்றிக் கேட்பீர்கள். சில கடைகளில் ஒரே பக்கெட்டில் கிளாஸை முக்கி எடுக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். எல்லாக் கடையும் அப்படியில்லை. அவ்வளவுதான்.

"பேர் இருந்தா கூட்டம் தானா வரும்" என்பவர்களுக்கு ஒரு கேள்வி. ஒரு கடையில் அவ்வளவு லாபம் என்றால் அதை ஏன் உங்களுக்கு விற்கிறார்கள்? 2012இல் தொடங்கிய சாயோஸ் என்ற வடநாட்டு டீக்கடை பிராண்ட் இன்று இவ்வளவு பெரிய பெயர். அவர்கள் தங்கள் கடைகளைத் தாங்களே நடத்திப் பெரிதானவர்கள். இங்கே இரண்டு கடைகூட ஒழுங்காக நடத்திக் காட்டாதவர்கள் இருபது பேரிடம் உரிமைக் கட்டணம் வாங்குகிறார்கள். அவர்கள் விற்பது டீ இல்லை, கடையை.

இன்னொன்று. அமெரிக்காவில் ஃபிரான்சைஸ் விற்பவர், கையெழுத்துக்கு 14 நாளுக்கு முன்பே எல்லா விவரத்தையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். விட்டுப்போனவர்களின் தொடர்பு விவரம்கூட அதில் இருக்க வேண்டும். நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டமே இல்லை. பிரச்சினை என்றால் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வக்கீலிடம் ஓட வேண்டியதுதான். இதெல்லாம் பணம் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எடுக்கப்போகிறவர்கள் தயவுசெய்து, எடுத்து மூடியவர்கள் நான்கு பேரைத் தேடிப்பிடித்துப் பேசிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். திறந்தவர்களிடம் கேட்காதீர்கள்.

ஒரே ஒரு எதிர்க்கேள்விக்குத்தான் என்னிடம் முழுப் பதில் இல்லை. "ரோட்டு டீக்கடையில் ஒரு பெண் நின்று டீ குடிக்க முடியுமா?" என்று ஒரு தோழி கேட்டாள். முடியாது. நான் டீக்கடைக்காரர் மகள், என்னாலேயே முடியவில்லை. எட்டாவது படிக்கும்போது அப்பா, "இனிமே கடைப்பக்கம் வராத கண்ணு" என்று சொல்லிவிட்டார். பனியன் கம்பெனிப் பெண்கள் தூக்குப் பாத்திரத்தில் வாங்கிப் போவார்களே தவிர, ஒருவரும் நிற்க மாட்டார்கள். தம்பி கடையில் ஆறு நாற்காலி இருந்தது. ஷிப்ட் முடிந்து நாலு பெண்கள் வந்து உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அரைமணி நேரம் சத்தமாகச் சிரித்துப் பேசிவிட்டுப் போவார்கள். அதைப் பார்க்கத்தான் நான் அங்கே போவேன். அந்தக் கடையில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

மூடிய பிறகு அப்பாவிடம் சண்டை போட்டேன். பக்கவாட்டில் சாமான் போட்டுவைத்திருந்த இடத்தை ஒழித்து இரண்டு பெஞ்சும் ஒரு ஃபேனும் போட்டார். 3,400 ரூபாய் ஆனது. இப்போது அங்கே பெண்கள் உட்காருகிறார்கள். நானும் உட்காருகிறேன்.

தம்பி அப்பாவோடுதான் நிற்கிறான். நகை இன்னும் வங்கியில்தான் இருக்கிறது, அடுத்த மாதம் வட்டி கட்டித் திருப்பி வைக்க வேண்டும். அவன் மறுபடி தனியாகக் கடை போட்டால் தன் பெயரில் போடட்டும், அதற்கு மட்டும்தான் நான் இனி கொடுப்பேன்.

கம்பெனிக்காரர்கள் விளம்பரம் செய்வார்கள், அது அவர்கள் பிழைப்பு. ஆனால் நம் ஊர் மேடையில் நின்று, நம் ஊர் ஆட்களின் தொழிலைச் "சாகிறது" என்று சொல்ல அந்த விருந்தினருக்கு எப்படி வாய் வந்தது? பாத்திரத் தொழிலுக்குப் பேர்போன அனுப்பர்பாளையத்தில் சொல்லி அடித்த செம்பு பாய்லர் அது. தினம் முதல் கிளாஸ் டீயை வாசலில் ஊற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் அப்பா வியாபாரத்தைத் தொடங்குவார். அதையா சாவு என்கிறீர்கள்?

அந்த வீடியோ அப்பா கண்ணில் படக்கூடாது என்று நினைத்திருந்தேன். கடைக்கு வந்த யாரோ போனில் காட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. நேற்றுக் காலை நாலரை மணிக்குத் தம்பியின் பழைய பேன்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.