திறப்பு விழா இல்லாத வேலைக்கு யார் கை தூக்குவது?

நேற்று நள்ளிரவு தாண்டியும் பட்ஜெட் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். நகரமன்ற உறுப்பினராக எனக்கு இது ஐந்தாவது பட்ஜெட். முதல் இரண்டு ஆண்டுகள் நானும் என் வார்டுக்கு என்ன வந்திருக்கிறது என்றுதான் தேடினேன். இப்போது பராமரிப்பு என்ற தலைப்பைத்தான் முதலில் புரட்டுகிறேன். சென்ற ஆண்டு ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு, இந்த ஆண்டு எவ்வளவு என்று மூன்று எண்களையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்ப்பேன். இந்த முறையும் மூன்றாவது எண்தான் மிகச் சிறியது.

ஏன் எப்போதும் இந்தத் தலைப்பிலேயே கை வைக்கிறார்கள்? சம்பளத்தை வெட்ட முடியாது. ஓய்வூதியம், கடன் வட்டி, மின்கட்டணம் எதையும் தொட முடியாது. புதிய கட்டடங்களுக்கு மாநில, மத்திய அரசுகளின் மானியம் வருகிறது. பெரும்பாலும் அது கட்டுவதற்கு மட்டுமே வரும், கட்டியதைக் காப்பாற்றுவதற்கு வராது. கடைசியில் பற்றாக்குறை எட்டிப் பார்க்கும்போது அசைத்துப் பார்க்கக் கூடியதாக மிஞ்சுவது பராமரிப்பு ஒன்றுதான். வெட்டினால் அந்த ஆண்டு யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நானே அப்படி ஒரு வெட்டுக்குக் கை தூக்கினேன். ஒரு சமுதாயக் கூடத்துக்காக மழைநீர் வடிகால் பராமரிப்பிலிருந்து பணத்தை எடுத்தார்கள். கூடத்தின் கல்வெட்டில் என் பெயரும் இருக்கிறது. அடுத்த மழையில் அதே வார்டில் தண்ணீர் வீடுகளுக்குள் போனது. மறுநாள் காலையில் துப்புரவுப் பணியாளர் ஒருவர் கடப்பாரையால் வடிகால் மூடியை நெம்பி, ஒரு நீண்ட குச்சியை உள்ளே விட்டு எடுத்துக் காட்டினார். குச்சியின் நுனியில் நான்கு விரல் அளவுக்குத்தான் ஈரம். அதற்குக் கீழே போகவிடாமல் மண் இறுகிக் கிடந்தது. “ஆண்டுக்கு இரண்டு முறை வாரினால் போதும் சார். ஆள்தான் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்” என்றார். ஆள் கொடுக்கும் பணத்தை எடுத்துவிட்டவர்களில் நானும் ஒருவன் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

அடைத்துக்கொண்ட வடிகால் எதுவரை போகும் என்று அறிய அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தைப் பாருங்கள். 2022 ஜனவரி 28 அன்று விடியற்காலையில் அங்கே ஃபெர்ன் ஹாலோ பாலம் இடிந்து பள்ளத்தாக்கில் விழுந்தது. அப்போது பாலத்தின் மேல் ஒரு பஸ்ஸும் சில கார்களும் இருந்தன. உயிர்ப்பலி இல்லை, அது அவர்கள் செய்த புண்ணியம். பாலம் நகராட்சிக்குச் சொந்தமானது. 2011 முதலே ஆய்வு அறிக்கைகள் அதை ‘மோசம்’ என்று குறித்து வந்திருக்கின்றன. வண்ணம் பூசத் தேவையில்லாத ஒருவகை இரும்பில் கட்டிய பாலம் அது. மேலே படியும் துருவே அந்த இரும்புக்குக் கவசம். ஆனால் அது நனைந்தால் காய வேண்டும். வடிகால் துளைகளில் குப்பை அடைத்ததால் தண்ணீர் கால்களின் மேல் இறங்கிக்கொண்டே இருந்தது, கவசம் உருவாகவே இல்லை, இரும்பு அரித்துத் தின்னப்பட்டது. விசாரணை செய்த அமைப்பு, பராமரிப்புப் பரிந்துரைகளை நகர நிர்வாகம் திரும்பத் திரும்பச் செய்யாமல் விட்டதையே காரணமாகச் சொன்னது. 2018-ல் அந்த வழியே போன ஒருவர், பாலத்தின் குறுக்குச் சட்டம் ஒன்று துருவில் முழுதாக அறுந்து நிற்பதைப் படமெடுத்து நகர நிர்வாகத்தின் பார்வைக்கு அனுப்பியும் இருந்தார். துளைகளைச் சுத்தம் செய்ய எவ்வளவு பெரிய தொழில்நுட்பம் வேண்டும்?

தள்ளிப்போடுவது ஒரு வழி என்றால், வருங்காலத்தை இப்போதே விற்றுச் செலவழிப்பது இன்னொரு வழி. 2008 டிசம்பரில் சிகாகோ நகரம் தன் தெருக்களில் வண்டி நிறுத்துவதற்குக் கட்டணம் வசூலிக்கும் சுமார் 36,000 மீட்டர்களை 75 ஆண்டுகளுக்குத் தனியாருக்குக் குத்தகை விட்டது. கிடைத்தது சுமார் 115 கோடி டாலர். ஒப்பந்தம் அறிவிக்கப்பட்ட இரண்டு நாட்களில் மன்றம் 40க்கு 5 என்ற கணக்கில் அதை நிறைவேற்றியது. அடுத்த ஆண்டே நகரின் தலைமை ஆய்வாளர், அவற்றின் மதிப்பைவிட ஏறத்தாழ 97 கோடி டாலர் குறைந்த விலைக்கு நகரம் கொடுத்துவிட்டதாக அறிக்கை தந்தார். வந்த பணத்தில் பெரும்பகுதி சில ஆண்டுகளிலேயே பட்ஜெட் ஓட்டைகளை அடைக்கப் போய்விட்டது. இன்று ஒரு தெருவை மூடினாலும் குத்தகைதாரருக்கு நகரம் ஈடு செய்ய வேண்டியிருக்கிறது. எதிர்த்து வாக்களித்த அந்த ஐந்து பேரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். எங்களுக்கும் கூட்டத்தின் பொருள் நிரல் முந்தின நாள் மாலைதான் கைக்கு வருகிறது.

மக்களுக்குப் புதியதுதான் பிடிக்கும், பழையதைச் சரிசெய்தால் ஓட்டு விழாது என்று சக உறுப்பினர்கள் சொல்வார்கள். நான் நம்பவில்லை. பிரேசிலின் போர்த்தோ அலெக்ரே நகரத்தில் 1989 முதல் பட்ஜெட்டின் ஒரு பகுதியைக் குடியிருப்பாளர்களே கூட்டம் கூடி முடிவு செய்யவிட்டார்கள். ஏழைப் பகுதி மக்கள் எழுந்து நின்று முதலில் கேட்டவை குடிநீர், கழிவுநீர்க் குழாய், தெருவுக்குத் தளம். ஜனங்களுக்குத் தங்கள் தெருவின் நிலைமை நன்றாகத் தெரியும். நாம்தான் கேட்பதில்லை.

அடுத்த வாரம் வாக்கெடுப்பு. பத்தாவது ஆண்டில் யார் பராமரிப்பார்கள், எந்தத் தலைப்பிலிருந்து பணம் வரும் என்று எழுத்தில் இல்லாத எந்தப் புதிய வேலைக்கும் நான் கை தூக்கப் போவதில்லை. அது என் வார்டுக்கே வருவதாக இருந்தாலும் சரி. பட்ஜெட் ஆவணத்தைக் குறைந்தது பதினைந்து நாட்களுக்கு முன்பே உறுப்பினர்களுக்கும் மக்களுக்கும் தர வேண்டும் என்று ஒரு தீர்மானமும் கொடுத்திருக்கிறேன். முன்மொழிந்தது நான், வழிமொழிய இன்னும் ஒருவர் வேண்டும்.

உங்கள் தெருவில் அடைத்த வடிகால், விரிசல் விட்ட மேல்நிலைத் தொட்டி, ஆடும் கைப்பிடிச் சுவர் எதுவானாலும் படமெடுத்துத் தேதியோடு அனுப்புங்கள். அத்தனையையும் அச்செடுத்து, ஒவ்வொன்றாக மன்றத்தில் காட்டி, பதிவேட்டில் ஏற்றச் சொல்வேன்.